சரத் காலம் நினைவூட்டும் கடன்

நமக்கு ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். வங்காள மக்களுக்கோ அதே இரு மாதங்கள் சரத் காலம். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வரவேற்கும் வழக்கம் அங்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. மழை ஓயத் தொடங்குகிறது. கழுவி விட்டாற்போன்ற நீல வானில் வெண்மேகங்கள் மெல்ல நகர்கின்றன. ஆற்றங்கரைகளிலும் ரயில் பாதையின் ஓரங்களிலும் 'காஷ்' எனப்படும் நாணற்பூக்கள் வெண்சாமரம்போல் அசைகின்றன. விடியற்காலையில் பவளமல்லி மரத்தடியில் மலர்கள் உதிர்ந்து தரையை மூடியிருக்கின்றன. துர்க்கா பூஜை நெருங்கிவிட்டது என்று இவையே கட்டியம் கூறுகின்றன.

கொல்கத்தாவில் இயற்கை ஆர்வலர் குழுக்களும் பள்ளிகளும் மலையேற்றக் கழகங்களும் மக்களைச் சிறு சிறு அணிகளாக வெளியே அழைத்துச் செல்லும் பருவமும் இதுவே. சிலர் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் காலைப் பொழுதில் பறவைகளைக் காண்பதற்காக நடக்கிறார்கள். சிலர் நரேந்திரபூருக்கு அருகிலுள்ள சிந்தாமணி கர் பறவைகள் சரணாலயத்திற்குச் செல்கிறார்கள். கங்கையின் மேற்குக் கரையில், 1787-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் மரங்களைக் காணச் செல்வோர் உண்டு. உடல் வலிமை மிக்கவர்கள் வடக்கே சிங்காலிலா மலைத்தொடரில் ஏறி, 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூ சிகரம்வரை நடந்து வருகிறார்கள்.

இவை யாவும் நல்ல முயற்சிகள். எனினும் சிந்திப்பவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இயற்கையினிடையே நடந்து சென்று நாம் பெறுவது என்ன? பெற்றுக்கொண்ட பின்பு நாம் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

இரண்டு விடைகள்

முதல் கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன.

'மன அமைதி பெறுகிறோம்' என்பது முதல் விடை. நகரத்தின் இரைச்சலிலும் புகையிலும் களைத்த மனம் ஒரு மரத்தின் நிழலில் ஆறுதல் அடைகிறது. இதில் ஐயமில்லை. இந்த விடையைக் கூறுவோர், 'அங்கே போயும் பாடம் எதற்கு? பெயர்களும் விளக்கங்களும் வேண்டாம். மௌனமாக இருந்து ரசித்தால் போதும்' என்பார்கள்.

'அறிவு பெறுகிறோம்' என்பது இரண்டாம் விடை. எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் பூச்சி எந்தச் செடியை நாடுகிறது என்று அறிந்தவரோடு நடக்கும்போது கண் திறக்கிறது. இவர்கள், 'பெயர்கூடத் தெரியாமல் காட்டைச் சுற்றி வருவது வெறும் உல்லாசப் பயணம்' என்பார்கள்.

பெயரறிதலின் பெருமை தமிழருக்குப் புதிதன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துவதற்காகக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. அந்தப் பாட்டினுள் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை வரிசையாக வைத்தார் புலவர். வடபுலத்து மன்னன் ஒருவனுக்கு நம் மொழியைக் கற்பிக்க எண்ணிய ஆசான், அவனை நம் மலைச்சாரலுக்கே அழைத்துச் சென்று ஒவ்வொரு பூவாகக் காட்டியது போன்றது அது. பெயர் அறியாதவனுக்கு அங்கிருப்பது 'ஏதோ ஒரு பூ'. பெயர் அறிந்தவனுக்கோ அது காந்தள், அது வெட்சி, அது குறிஞ்சி. பிரித்தறியத் தெரியாத ஒன்று அழிந்து போனால், அது அழிந்தது என்பதையே நாம் அறிய மாட்டோம்.

ஆனால் பெயரறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. பறவையின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதியதும் அதன்பால் ஆர்வம் ஒழிந்து, 'அடுத்தது என்ன?' என்று ஓடுகிற மனமும் உண்டு. அமைதியைத் தேடிச் சென்றவர், தேடிய அமைதி கிடைத்ததும் அந்த மரத்தை மறந்து விடுகிறார். அறிவைத் தேடிச் சென்றவர் பட்டியல் நிரம்பியதும் மறந்து விடுகிறார். ஆழ்ந்து நோக்கினால் இருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: 'எனக்கு என்ன கிடைத்தது?'

பசுக்களோடு சென்ற மாணவன்

சாந்தோக்கிய உபநிஷதம் சத்தியகாம ஜாபாலன் என்ற இளைஞனின் வரலாற்றைக் கூறுகிறது. ஞானம் வேண்டி வந்த அவனிடம் கௌதம முனிவர் மெலிந்து நலிந்த நானூறு பசுக்களை ஒப்படைத்தார். 'இவை ஆயிரமாகப் பெருகாமல் திரும்ப மாட்டேன்' என்று உறுதி பூண்டு அவன் வனம் சென்றான். பல ஆண்டுகள் கழிந்தன. பசுக்கள் ஆயிரமாயின. அப்போது ஒரு காளையும், அக்கினியும், ஓர் அன்னமும், மத்கு என்னும் நீர்ப்பறவையும் முறையே பிரம்மத்தின் ஒவ்வொரு பாதத்தை அவனுக்கு உபதேசித்தன. திரும்பி வந்த சீடனின் முகத்தில் பிரம்ம ஞானத்தின் ஒளியைக் கண்டு குரு வியந்தார்.

திறந்த வெளிக் கல்விக்கு இதைவிடப் பழமையான சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும் இக்கதையில் நாம் எளிதில் கடந்து விடுகிற ஒரு செய்தி உண்டு. சத்தியகாமன் காட்டிற்குச் சென்றது கற்பதற்காக அல்ல. மெலிந்த பசுக்களைப் பேணுவதற்காக. அவன் அந்தக் காட்டின் புல்லையும் நீரையும் பெற்றான். தன் கண்விழிப்பையும் உழைப்பையும் கொடுத்தான். கடமையில் நின்றவனிடம் காளையும் பறவையும் தாமே வந்து பேசின. மேலும் ஒன்று: இயற்கையிடம் இவ்வளவு கற்ற பின்பும், 'தாங்களே எனக்கு உபதேசிக்க வேண்டும்' என்று அவன் குருவைப் பணிந்தான். இயற்கையும் வேண்டும், வழிகாட்டியும் வேண்டும்; இரண்டிற்கும் அடிப்படையாகப் பணியும் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

ஒரு நாடகம் கூறும் உண்மை

கொல்கத்தாவில் பிறந்த ரவீந்திரநாத தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மரத்தடியே அங்கு வகுப்பறை. ஒவ்வொரு பருவத்தையும் மாணவர்கள் உடலாலும் உள்ளத்தாலும் உணர வேண்டும் என்று அவர் விரும்பினார். 1908-இல் அவர் எழுதிய நாடகம் 'சாரதோத்சவம்'. அதாவது சரத் காலத் திருவிழா.

நாடகத்தில் சிறுவர்களுக்கு விடுமுறை. ஆற்றங்கரையில் ஆடிப் பாடிக் களிக்கிறார்கள். உபநந்தன் என்ற ஒரு சிறுவன் மட்டும் தனியே அமர்ந்து சுவடி எழுதிக்கொண்டிருக்கிறான். அவனை அன்போடு வளர்த்த வீணை வித்துவான் ஒருவருக்குக் கடன் கொடுத்திருந்தான் ஈவிரக்கமற்ற ஒரு வணிகன். ஆசான் மறைந்து விட்டார். அவர் பட்ட கடனைத் தன் உழைப்பால் தீர்க்க வேண்டும் என்பது உபநந்தனின் சங்கல்பம். அவ்வழியே வரும் சந்நியாசி, உண்மையில் மாறுவேடம் பூண்ட மன்னர். விடுமுறையைத் துறந்து கடன் தீர்க்கும் அச்சிறுவனின் உழைப்பிலேயே அவர் சரத் காலத்தின் மெய்யான அழகைக் காண்கிறார். 1921-இல் தாகூர் இந்நாடகத்தைத் திருத்தி அமைத்தபோது அதற்கு இட்ட பெயர் 'ருணசோதம்'. 'கடன் தீர்த்தல்' என்பது அதன் பொருள்.

விடுமுறைக் களிப்பைப் பாடும் நாடகத்திற்குக் கடன் என்று பெயரிடலாமா? இடலாம். மழைக்காலம் முழுவதும் வானிடமிருந்து வாங்கிய நீரைப் பூமி தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. நெற்கதிராகவும், நாணற்பூவாகவும், பவளமல்லியாகவும் திருப்பித் தருகிறது. பெற்றதைத் தருவதில்தான் அதற்கு அழகு வருகிறது. இந்தக் கண்ணோட்டத்தோடு சரத் காலத்து வயல் வரப்பில் நடந்து பாருங்கள். காணும் ஒவ்வொன்றும் கடன் தீர்க்கும் காட்சியாகத் தோன்றும். அப்போது நம்முள் எழ வேண்டிய கேள்வி, 'எனக்கு என்ன கிடைத்தது?' என்பதாக இராது. 'நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன்?' என்பதாகவே இருக்கும்.

நகரத்தின் கிழக்கே

இக்கேள்வியின் ஆழத்தைக் கொல்கத்தா நகரமே நமக்குக் காட்டுகிறது.

அந்நகரத்தின் நிலம் கங்கைக் கரையில் மேடாகவும் கிழக்கு நோக்கிச் சரிவாகவும் அமைந்தது. எனவே நகரத்தின் கழிவுநீர் கிழக்கே பாய்கிறது. அங்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில் மீனவர்கள் 'பேரி' எனப்படும் ஆழமற்ற பெருங்குளங்களை அமைத்துள்ளார்கள். கழிவுநீர் கால்வாய்கள் வழியே அக்குளங்களில் பரவுகிறது. சூரிய ஒளியில் பாசி வளர்கிறது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியையும் நுண்ணுயிரிகளையும் உண்டு மீன்கள் கொழுக்கின்றன. தெளிந்த நீர் அடுத்துள்ள நெல் வயல்களுக்குச் செல்கிறது. நகரத்தின் குப்பை மக்கிய மண்ணில் காய்கறிகள் விளைகின்றன. கொல்கத்தாவின் அழுக்கை ஏற்றுக்கொண்டு, அந்நகரத்திற்கே மீனும் நெல்லும் காய்கறியுமாகத் திருப்பித் தருகிறது அந்தச் சதுப்பு நிலம். நீர்க்காகங்களும் கொக்குகளும் தாமரை இலைக்கோழிகளும் அங்கே வாழ்கின்றன.

ஆனால் நெடுங்காலம் நகர மக்களில் பெரும்பாலோர் இதை அறியவில்லை. மீனைச் சுவைத்தார்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அழுக்கை வெளியே தள்ளினார்கள். அது எங்கே போனது என்று கேட்கவில்லை. 1960-களில் இந்த ஈரநிலத்தின் ஒரு பெரும் பகுதி மண்ணிட்டு நிரப்பப்பட்டு, உப்பேரி நகரம் எழுந்தது.

1980-களின் தொடக்கத்தில், மாநில அரசில் பொறியாளராகப் பணியாற்றிய துருவஜோதி கோஷ், கழிவுநீரைப் பயனுள்ளதாக்கும் வழி உண்டா என்று ஆராய முற்பட்டார். நகரத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடி, கால்வாய்களைப் பின்தொடர்ந்தார். பல ஆண்டுகள் அப்பகுதியில் நடந்து, மீனவர்களையும் உழவர்களையும் ஆசான்களாகக் கொண்டு கற்றார். பெரும் செலவில் எந்திரங்கள் செய்யக்கூடிய சுத்திகரிப்பை, எழுத்தறிவு குறைந்த எளிய மக்கள் சூரியனையும் பாசியையும் மீனையும் துணைகொண்டு நாள்தோறும் செய்து வருவதைக் கண்டார். அந்நிலத்தை வரைபடத்தில் பதித்து, 'கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள்' என்று பெயரும் சூட்டினார்.

அந்தப் பெயர் வீணாகவில்லை. 1990-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அவரை 'குளோபல் 500' விருதளித்துப் பாராட்டியது. 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்நிலத்தைக் காக்கும் தீர்ப்பை வழங்கியது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. 2006-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. துருவஜோதி கோஷ் 2018-இல் மறைந்தார். ஆக்கிரமிப்பின் அச்சுறுத்தல் இன்னும் நீங்கவில்லை என்பது உண்மையே. எனினும் அந்த நிலம் இன்று இருப்பதற்கு, ஒருவர் நடந்து சென்று பார்த்து, கற்று, பெயரிட்டு, அதன்பின் விலகிப் போகாமல் நின்றது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே பெயரறிவு தன் நிறைவை அடைகிறது. பெயர் தெரிந்தவுடன் முடிந்துவிடும் அறிவு ஒன்று. பெயர் தெரிந்தபின் தொடங்கும் கடமை மற்றொன்று.

அறியாமை குற்றமாகுமா?

'தெரியாமல் அனுபவிப்பதில் என்ன தவறு? குழந்தை தாய்ப்பாலின் அருமை அறிந்தா பருகுகிறது?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழந்தையிடம் நாம் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வளர்ந்தபின்பும் அறிய மறுப்பவனைக் குழந்தை என்று கூற முடியாது. பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், பெற்றதைத் திருப்பித் தராமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே பகவான் கண்டிக்கிறார். இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளுள் ஒன்று பூத யக்ஞம்; பிற உயிர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் அது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த திருவள்ளுவர், செய்ந்நன்றி அறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நன்றி அறிய வேண்டுமானால், செய்த உதவியை முதலில் அறிய வேண்டும் அல்லவா? ஆகவே அறிய வாய்ப்பிருந்தும் அறியாதிருப்பது நன்றி மறத்தலின் முதல் படி.

'கடன், கடமை என்று சொன்னால் மகிழ்ச்சி சுமையாகி விடாதா?' என்று மற்றொருவர் கேட்கலாம். உபநந்தனே இதற்கு விடை. அவனுடைய கடன் யாரும் அவன்மேல் சுமத்தியதன்று. அன்பினால் தானே ஏற்றுக்கொண்டது. அன்பினால் ஏற்ற கடன் கனப்பதில்லை.

'இயற்கைக்குப் பட்ட கடனை யாரால் தீர்க்க முடியும்?' என்பது மூன்றாவது கேள்வி. முழுமையாகத் தீர்க்க இயலாதுதான். தாய்க்குப் பட்ட கடனும் அத்தகையதே. தீராது என்பதற்காக நாம் தாயைப் பேணாமல் விடுவதில்லை. ஷிப்பூர் தோட்டத்திலுள்ள புகழ்பெற்ற ஆலமரம் இதை மௌனமாகப் போதிக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அம்மரத்தின் அடிமரம் பூஞ்சையால் சீர்குலைந்து, 1925-இல் அகற்றப்பட்டது. மரம் சாயவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. 2020-இல் வீசிய ஆம்பன் புயல் பல விழுதுகளைச் சாய்த்தது. அதன் பின்பும் மரம் நின்றது. கிளையிலிருந்து பிறந்த விழுது மண்ணில் ஊன்றி, தன்னைப் பெற்ற கிளையையே தாங்குகிறது. சென்னை அடையாற்றின் ஆலமரமும் 1989-இல் அடிமரத்தை இழந்தபின் இவ்வாறே வாழ்கிறது. தளர்ந்த தந்தையைத் தாங்கும் மகனுக்கு ஆலம் விழுதை உவமை காட்டியது நாலடியார். இயற்கையின் முன் நாமும் விழுதுகளே.

வழிகாட்டியின் இலக்கணம்

இத்தகைய நடைகளில் வழிகாட்டியின் பங்கு பெரிது. சந்தக்ஃபூ செல்லும் பாதையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. மழை மாதங்களில் மூடப்பட்டிருக்கும் சிங்காலிலா தேசியப் பூங்கா, மழை ஓய்ந்தபின் திறக்கிறது. தெளிந்த ஐப்பசி வானில், உலகின் ஐந்து உயர்ந்த சிகரங்களுள் எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும் அங்கிருந்து காணலாம்.

நல்ல வழிகாட்டி, அணியில் மெதுவாக நடப்பவரின் வேகத்தில் நடக்கிறார். காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு விலகி நிற்கிறார். சுட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருப்பவன் சிகரத்தைக் காண மாட்டான் என்பதை அவர் அறிவார். அவருடைய பாதம் எங்கே பதிகிறது, கிளையை அவர் எவ்வாறு விலக்குகிறார், குப்பையை எப்படித் தன் பையில் இட்டுக்கொள்கிறார் என்பவை அவருடைய சொற்களைவிட ஆழமான பாடங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த இலக்கணத்தை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் பூவைப் பறித்துக் காட்டினால், 'பூ பறிப்பதற்கு உரியது' என்று குழந்தை கற்கிறது. குனிந்து பார்த்துவிட்டு விட்டு வந்தால், பார்ப்பதே போதிய இன்பம் என்று கற்கிறது. பவளமல்லியைப் பாருங்கள். இரவில் மலர்ந்து, விடியலில் தானே மண்ணில் உதிர்கிறது. தரையில் விழுந்த பிற மலர்களைப் பூஜைக்கு ஏற்காத நம் மரபு, இதை மட்டும் ஏற்கிறது. தருவதற்குக் காத்திருப்பவரிடம் பறிக்க வேண்டிய தேவை இல்லை.

நம் ஊர்களில்

இவற்றையெல்லாம் கற்கக் கொல்கத்தாவிற்கோ இமயத்திற்கோதான் செல்ல வேண்டும் என்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராம மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சக்கூடாது என்பதற்காகத் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. அங்குள்ள சிறுவர்களுக்கும் பட்டாசின்மேல் ஆசை இராதா? இருந்தும் பறவைகளுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயல்களுக்கு உரமாவதை வேடந்தாங்கல் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஏற்றதையும் தர வேண்டியதையும் உணர்ந்த மக்கள் இவர்கள். உபநந்தனின் திருவிழாவை, அந்தப் பெயரைக் கேட்காமலே, இவர்கள் கொண்டாடி வருகிறார்கள்.

இந்தச் சரத் காலத்தில் நாமும் ஒரு நாளை ஒதுக்குவோம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று நடந்து சென்று காண்போம். நம் வீட்டுக் கழிவு எந்த நிலத்தில் போய்ச் சேர்கிறது என்பதையும் காண்போம். சென்னைவாசிகளுக்கு 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை இருக்கிறது. மற்ற ஊர்களில் ஏதேனும் ஒரு கண்மாயோ வாய்க்காலோ இருக்கும். வழியில் காணும் மரங்களுள் ஐந்தின் பெயர்களையாவது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அறிவோம். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். கேட்க ஆளில்லாமல் அந்தப் பெயர்கள் அவர்களோடு மறைந்து கொண்டிருக்கின்றன.

பிறகு, அறிந்தவற்றுள் ஒன்றுக்கேனும் நம்மால் இயன்றதைச் செய்வோம். ஒரு மரக்கன்றுக்குக் கோடை முழுவதும் நீர் வார்ப்பதாகவும் அது இருக்கலாம். ஒரு குளக்கரையில் குப்பை சேராமல் காப்பதாகவும் இருக்கலாம். சிறிது என்று தயங்க வேண்டாம். ஆலமரத்தைத் தாங்கும் விழுதும் முதலில் மெல்லிய நூலாகத்தான் மண்ணை நோக்கி இறங்குகிறது.